பில்ட் உடைந்ததா? எந்த ஜாவா, எந்த ஜார், எந்தக் கோப்பு என்று முதலில் கேளுங்கள்

ஜாவா வெப் அப்ளிகேஷன்களோடு மல்லுக்கட்டத் தொடங்கிப் பல வருடங்கள் ஓடிவிட்டன. கோடைக் கம்பைல் செய்து அப்ளிகேஷனாகக் கட்டும் பில்ட் கருவிகளில் ஆன்ட் ஸ்கிரிப்டில் ஆரம்பித்து மேவனில் குடியேறி, நடுவில் கிரேடில் பக்கமும் போய் வந்தாயிற்று. இத்தனை நாளில் நிஜமாகவே மண்டையைக் குழப்பிய பிழைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதியெல்லாம் ஒரே கதைதான். ஓடுகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தது ஒன்று, உண்மையில் ஓடிக்கொண்டிருந்தது வேறொன்று. வேறு ஜாவா, வேறு ஜார் (லைப்ரரியைக் கட்டிவைக்கும் கோப்பு), வேறு கோப்பு.

கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பிழை எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். அதற்கு முன் லாகை, அதாவது ஓட்டத்தின் பதிவை, எங்கிருந்து படிப்பது என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

மேவன் லாகின் கடைசிப் பத்து வரிகளில் பெரும்பாலும் சரக்கு இருக்காது. "இந்த ஆப்ஷன் போட்டு மறுபடி ஓட்டு", "இந்தப் பக்கத்தைப் படி" என்றுதான் இருக்கும். மேலே ஏறி, எரர் என்று தொடங்கும் முதல் வரியைப் பிடிக்க வேண்டும். கம்பைல் பிழை என்றால் முதல் பிழைதான் பிழை. அதன் பின்னால் வரும் 40 வரியும் அதன் பிள்ளை குட்டிகள். ஜாவா கம்பைலர் வழக்கமாக 100 பிழையோடு நிறுத்திக்கொள்ளும் என்பதால், சரியாக 100 பிழை என்று கண்ணில் பட்டால் நூறு தவறு செய்துவிட்டதாகப் பதற வேண்டாம். ஓடும்போது வரும் ஸ்டாக் ட்ரேஸுக்கு இது அப்படியே தலைகீழ். அங்கே "காஸ்ட் பை" என்று அடுக்கடுக்காக வரும். கடைசி "காஸ்ட் பை"தான் வேர். ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய அப்ளிகேஷனில் மேலே தெரியும் "பீன் உருவாக்க முடியவில்லை" என்ற வரியை மட்டும் காப்பி செய்து உதவி கேட்பவர்கள் அதிகம். அந்த வரியை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

அறிகுறி: "அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்", அல்லது "இன்வேலிட் டார்கெட் ரிலீஸ்"

செய்தியில் இரண்டு எண்கள் இருக்கும். கிளாஸ் கோப்பு 61.0 பதிப்பில் கம்பைல் ஆகியிருக்கிறது, எனக்கு 52.0 வரைதான் தெரியும் என்று ஜாவா புலம்பும். எண்ணிலிருந்து 44-ஐக் கழியுங்கள், ஜாவா பதிப்பு கிடைத்துவிடும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. ஆக, 17-இல் கட்டிய சரக்கை 8-இல் ஓட்டப் பார்க்கிறீர்கள்.

"என்னிடம் 17 தானே இருக்கிறது" என்பீர்கள். டெர்மினலில் ஜாவா பதிப்பைக் கேட்டால் 17 என்றுதான் சொல்லும், சந்தேகமில்லை. ஆனால் அது பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) வழியாகக் கிடைக்கும் ஜாவா. மேவன் பாத்தைப் பார்ப்பதற்கு முன் ஜாவா ஹோம் என்ற சூழல் மாறியைப் பார்க்கிறது. ஐடிஇ (கோடு எழுதும் மென்பொருள்) தன் பங்குக்குத் தனியாக ஒன்றை வைத்திருக்கும். டாம்கேட் என்ற வெப் சர்வரை சர்வீஸாக ஓட்டினால் அந்த சர்வீஸின் அமைப்பில் இன்னொன்று. ஒரே கணினியில் நான்கு ஜாவா குடித்தனம் நடத்தும்.

எனவே ஜாவாவிடம் கேட்காதீர்கள், மேவனிடம் கேளுங்கள். மேவனை வெர்ஷன் ஆப்ஷனோடு ஓட்டினால், தான் எந்த ஜாவாவில், எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறேன் என்று சொல்லிவிடும். "இன்வேலிட் டார்கெட் ரிலீஸ் 17" என்று வந்தாலும் வேர் இதுவேதான்: பாம் கோப்பு (மேவனின் அமைப்புக் கோப்பு) 17 கேட்கிறது, மேவன் ஓடுவதோ பழைய ஜாவாவில். ஒருமுறை இதற்காக அரை நாள் பாம் கோப்பையே திருத்திக்கொண்டிருந்தேன். கோளாறு என் ஷெல் அமைப்புக் கோப்பில், எப்போதோ நானே எழுதி மறந்த ஒற்றை வரியில் இருந்தது.

கிரேடிலில் இதே நோய்க்கு வேறு முகம்: "அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65". இங்கே உங்கள் கோடுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜாவா புதிது, கிரேடில் பழையது, அவ்வளவுதான். ஜாவா 17-இல் கிரேடில் ஓட 7.3 வேண்டும், ஜாவா 21-க்கு 8.5. ரேப்பர் (ப்ராஜெக்டுக்குரிய கிரேடிலைக் கொண்டுவரும் ஸ்கிரிப்ட்) அமைப்பில் உள்ள பதிப்பை ஏற்றுங்கள், அல்லது கிரேடிலைப் பழைய ஜாவாவில் ஓட்டிவிட்டு டூல்செயின் வழியாகப் புதிய ஜாவாவில் கம்பைல் செய்யச் சொல்லுங்கள். ஜாவா ஹோமை மாற்றிய பிறகும் பழைய கோலமே தெரிந்தால், பின்னணியில் ஓடும் கிரேடில் டீமனை ஸ்டாப் ஆப்ஷன் கொடுத்து ஒருமுறை நிறுத்திவிட்டுப் பாருங்கள். காசா பணமா.

இதே குடும்பத்தில் ஒரு விஷமக்காரன் உண்டு. புதிய ஜாவாவில் உட்கார்ந்துகொண்டு, சோர்ஸும் டார்கெட்டும் 8 என்று கொடுத்துக் கம்பைல் செய்கிறீர்கள். பில்ட் பச்சை. சர்வரில் ஜாவா 8. கிளாஸ் பதிப்பும் 52 தான், எல்லாம் பொருத்தம். ஆனால் பைட் பஃபரின் ஃப்ளிப் மெத்தடை அழைக்கும் இடத்தில் "நோ சச் மெத்தட்" என்று விழும். ஃப்ளிப் ஜாவா 1.4-இலிருந்தே இருக்கிறதே என்று குழம்பிப்போவீர்கள். ஜாவா 9-இல் பைட் பஃபருக்கென்று தனியாக ஒரு ஃப்ளிப் எழுதினார்கள். அது பைட் பஃபரையே திருப்பித் தரும். 8-இல் இருந்ததோ தாய் வகுப்பான பஃபரைத் திருப்பித் தருவது. கம்பைலர் புதியதைப் பார்த்துப் பதிந்துவிட்டது; 8-இல் அப்படி ஒரு மெத்தட் கிடையாது. சோர்ஸ், டார்கெட் இரண்டையும் எடுத்துவிட்டு ரிலீஸ் என்ற ஒற்றை ஆப்ஷனைப் போட்டால் தீர்ந்தது. அது மொழியின் பதிப்போடு அந்தப் பதிப்பின் லைப்ரரியையும் சேர்த்தே சரிபார்க்கும். ஜாவா 9 முதல் இருக்கிறது. இன்னும் பாதி ப்ராஜெக்டுகளில் பழைய இரட்டையர்களையே பார்க்கிறேன்.

அறிகுறி: கம்பைல் ஆகிறது, ஓடும்போது "நோ சச் மெத்தட்" அல்லது "கிளாஸ் நாட் ஃபவுண்ட்"

என் வாழ்நாளை அதிகம் தின்றது இதுதான்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். "கிளாஸ் நாட் ஃபவுண்ட்" என்றால் பெயரைச் சொல்லித் தேடினார்கள், கிடைக்கவில்லை. "நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்" என்றால் கம்பைல் செய்யும்போது இருந்தது, இப்போது காணவில்லை. ஆனால் இரண்டாவதில் "குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்" என்று சேர்ந்து வந்தால் கதை வேறு. கிளாஸ் அங்கேதான் இருக்கிறது. அதன் ஸ்டாட்டிக் பகுதி முதல் தடவை ஓடியபோது வெடித்திருக்கிறது; அந்த முதல் வெடிப்பு லாகில் எங்கோ மேலே, ஒருவேளை நேற்றைய லாகில், "எக்செப்ஷன் இன் இனிஷியலைசர்" என்று கிடக்கும். அதன் பிறகு யார் அந்தக் கிளாஸைத் தொட்டாலும் இந்தச் செய்திதான். ஜாரைத் தேடி அலையாமல் லாகில் பின்னோக்கிப் போங்கள்.

"நோ சச் மெத்தட்" என்றால் அனேகமாக ஒரே லைப்ரரியின் தவறான பதிப்பு உள்ளே வந்திருக்கிறது. எப்படி வந்தது? மேவனின் பழக்கம் அப்படி. ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் எதிரெதிரே வந்தால் அது புதியதைத் தேர்வு செய்யாது, பக்கத்தில் இருப்பதைத் தேர்வு செய்யும். நீங்கள் சேர்த்த ரிப்போர்ட் லைப்ரரி ஒரு துணை லைப்ரரியை இழுக்கிறது, அந்தத் துணை ஒரு ஜேசன் லைப்ரரியின் 2.9-ஐ இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது படி. இன்னொரு பக்கம், யாரோ எப்போதோ சேர்த்த பழைய கிளையன்ட் ஒன்று அதே ஜேசன் லைப்ரரியின் 2.3-ஐ நேரடியாக இழுக்கிறது. இரண்டாவது படி. மேவன் 2.3-ஐ எடுத்துக்கொண்டு போய்விடும், ஒரு வார்த்தை சொல்லாமல். படிகள் சமமாக இருந்தால் பாம் கோப்பில் முதலில் எழுதியது ஜெயிக்கும். டிபெண்டன்சிகளை அழகுக்காக அகரவரிசையில் அடுக்கினேன், அப்ளிகேஷன் விழுந்தது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். நடக்கும்.

கிரேடில் நேர்மாறு: வழக்கமாக உயர்ந்த பதிப்பையே எடுக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் குழுக்கள் இங்கே நிச்சயம் ஒருமுறை இடறும்.

கண்டுபிடிக்கும் வழி: மேவனில் டிபெண்டன்சி ட்ரீயை வெர்போஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். எதை எடுத்தது, எதை "கான்ஃப்ளிக்ட்" என்று ஒதுக்கியது என்று மரமாகக் காட்டும். கிரேடிலில் டிபெண்டன்சி இன்சைட் என்று ஒரு டாஸ்க் உண்டு. லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால், எந்தப் பதிப்பு ஏன் தேர்வானது என்று காரணத்தோடு சொல்லும். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற லாக் லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது இந்த இரண்டு கட்டளைகளையும் வாழ்நாளில் முதன்முறையாக ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். சரிசெய்ய, டிபெண்டன்சி மேனேஜ்மென்ட் பகுதியில் பதிப்பை அழுத்தமாக எழுதிவிடுங்கள். எக்ஸ்க்ளூஷன் போட்டு ஒவ்வொரு கிளையாக வெட்டுவது எனக்குப் பிடிக்காது. அடுத்த மாதம் வேறொரு கிளை வழியாக அதே ஆள் உள்ளே வருவார். என்ஃபோர்சர் பிளகினில் டிபெண்டன்சி கன்வர்ஜென்ஸ் விதியைப் போட்டுவைத்தால், மோதல் வந்த நாளிலேயே பில்ட் நிற்கும்.

மரம் சுத்தமாக இருந்தும் பிழை வருகிறதா? அப்போது ஒரே கிளாஸ் இரண்டு வெவ்வேறு பெயருள்ள ஜார்களில் இருக்கக்கூடும். சில லைப்ரரிகள் நடுவழியில் குரூப் ஐடியை மாற்றிக்கொண்டன. ஜாவாஅசிஸ்ட் ஒரு உதாரணம். பழைய ஐடியில் ஒன்று, புதிய ஐடியில் ஒன்று என்று இரண்டும் உள்ளே வந்தால் மேவனுக்கு இரண்டும் அந்நியர்கள், மோதலே தெரியாது. எது ஜெயிக்கும் என்பது கிளாஸ் லோடர் எதை முதலில் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. டாம்கேட் 8 முதல், லிப் ஃபோல்டரில் உள்ள ஜார்கள் அகரவரிசையில் படிக்கப்படும் என்ற உறுதி கிடையாது. ஒரே வார் கோப்பு (வெப் அப்ளிகேஷனை மொத்தமாகக் கட்டிய கோப்பு) ஒரு சர்வரில் ஓடி, பக்கத்து சர்வரில் விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மேல் பழிபோட்டு ஒரு நீண்ட மெயில் எழுதினேன். மறுநாள் திரும்பப் பெற்றேன்.

இந்த நிலைமையில் ஊகம் வேண்டாம், கிளாஸையே விசாரியுங்கள். சந்தேகப்படும் கிளாஸின் ப்ரொடெக்ஷன் டொமைனை எடுத்து, அதன் கோட் சோர்ஸின் லொக்கேஷனை லாகில் அச்சிட்டால், தான் எந்த ஜாரிலிருந்து வந்தேன் என்று முழு முகவரியோடு சொல்லும். கோடைத் தொட முடியாத இடமென்றால், ஜாவாவை வெர்போஸ் கிளாஸ் ஆப்ஷனோடு தொடங்கி வெளியீட்டில் தேடுங்கள். கிளீன் செய்யாமல் கட்டிய வார் கோப்பில் பழைய ஜார் ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. ஆகவே வார் கோப்பைப் பிரித்து லிப் ஃபோல்டரை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

அறிகுறி: டாம்கேட் சமர்த்தாக எழுந்து நிற்கிறது, எங்கே போனாலும் 404

இதில் மூன்று கிளைகள்.

முதலாவது, முகவரி. வார் கோப்பின் பெயர்தான் முகவரியின் முதல் பகுதி. மேவன் வார் பெயரோடு பதிப்பு எண்ணையும் ஒட்டிவிடும். அதை அப்படியே கொண்டுபோய் வைத்தால் முகவரியிலும் அந்த எண் வரும். ரூட்டில் ஓட வேண்டுமானால் கோப்பின் பெயர் ரூட் என்று முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் வைத்தால் அது இன்னொரு சாதாரண அப்ளிகேஷன்.

இரண்டாவது, அப்ளிகேஷன் எழும்போதே விழுந்துவிட்டது. லாகில் "ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட லிசனர்கள் தொடங்கவில்லை, விவரம் உரிய லாக் கோப்பில்" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். அந்த "உரிய லாக் கோப்பு" டாம்கேட்டின் வழக்கமான கேட்டலினா லாக் அல்ல. அதே ஃபோல்டரில் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரும் தேதியும் சேர்ந்து இன்னொரு கோப்பு இருக்கிறது, முழு ஸ்டாக் ட்ரேஸும் அதில்தான் கிடக்கும். இது தெரியாமல் நான் கழித்த மணிநேரங்களைக் கணக்குப் போட விரும்பவில்லை.

மூன்றாவது, டாம்கேட்டை 9-இலிருந்து 10-க்கு ஏற்றினீர்கள். இதற்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. 2017-இல் ஆரக்கிள், ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கும் முடிவை அறிவித்தது. பொருளைக் கொடுத்தார்கள், பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ்களை அதே பெயரில் மேற்கொண்டு வளர்ப்பதற்கு உடன்பாடு எட்டவில்லை. அதனால் 2020-இல் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் சர்வ்லெட் (வெப் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) முதலான எல்லாமே ஜகார்த்தா என்ற பெயருக்கு மாறின. டாம்கேட் 9 வரை ஜாவாஎக்ஸ், 10 முதல் ஜகார்த்தா. ஸ்பிரிங் பூட் 3, 2022 நவம்பரில் அதே கரைக்குப் போனது. கூடவே ஜாவா 17-ஐயும் கட்டாயமாக்கியது.

விளைவு என்னவென்றால், ஜாவாஎக்ஸ் அனோட்டேஷன் போட்ட உங்கள் சர்வ்லெட் டாம்கேட் 10-இன் கண்ணுக்கு சர்வ்லெட்டே அல்ல. அது தேடுவது ஜகார்த்தா அனோட்டேஷனை. கிடைக்கவில்லை, பேசாமல் நகர்ந்துவிடும். பிழை வராது, எச்சரிக்கை வராது, 404 மட்டும் வரும். வெப் எக்ஸ்எம்எல்-இல் பெயர் எழுதி வைத்திருந்தால் "ஜாவாஎக்ஸ் சர்வ்லெட் கிளாஸ் இல்லை" என்றாவது கத்தும்.

கோடு உங்கள் கையில் இருந்தால் பேக்கேஜ் பெயர்களை மாற்றுங்கள், சார்ந்திருக்கும் லைப்ரரிகளையும் ஜகார்த்தா பதிப்புக்கு ஏற்றுங்கள். ஆனால் ஜாவாஎக்ஸ் என்று கண்ட இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். எஸ்க்யூஎல், க்ரிப்டோ, நெட் போன்ற ஜாவாஎக்ஸ் பேக்கேஜ்கள் ஜேடிகே-யின் (ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பு) சொத்து, அவை மாறவில்லை. நான் ஒட்டுமொத்தமாக மாற்றிவிட்டு, டேட்டா சோர்ஸ் எங்கே போனது என்று தேடிய ஆள். கோடைத் தொட நேரமில்லை என்றால் டாம்கேட் 10-இல் வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்ற பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கிப் பழைய வார் கோப்பை அதில் போடுங்கள், அதுவே மாற்றிக்கொள்ளும். எளிய அப்ளிகேஷன்களுக்குப் போதும். பெரிய சுமையை அதன் தலையில் ஏற்ற மாட்டேன்.

பக்கத்திலேயே இன்னொன்று: ஜாவா 8-இலிருந்து 11-க்கு வந்ததும் எக்ஸ்எம்எல் பைண்ட் பேக்கேஜ் காணோம் என்றால், அது தொலையவில்லை, ஜேடிகே-யிலிருந்து நீக்கப்பட்டது. தனி டிபெண்டன்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: டிபெண்டன்சி இறங்க மறுக்கிறது

"முந்தைய முயற்சியில் கிடைக்கவில்லை, அந்தத் தோல்வி கேஷில் இருக்கிறது, நேரம் வரும்வரை மறுபடி முயல மாட்டேன்" என்கிற ரீதியில் மேவன் அடம்பிடிக்கும். இணையம் ஒரு நிமிடம் போய் வந்திருந்தால்கூட இது நேரும். கட்டளையோடு ஹைஃபன் போட்டுப் பெரிய எழுத்து யு சேர்த்தால் மறுபடி முயலும். இறங்கிய லைப்ரரிகள் கிடக்கும் முழு ரெப்பாசிட்டரி ஃபோல்டரையும் அழிக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. அந்த ஒரு லைப்ரரியின் ஃபோல்டரை மட்டும் அழித்தால் போதும்.

501 வந்தால், முகவரி எச்டிடிபி-யில் இருக்கிறது. லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான மேவன் சென்ட்ரல் 2020 ஜனவரி 15 முதல் எச்டிடிபிஎஸ் மட்டுமே ஏற்கிறது. மேவன் 3.8.1 முதல், எச்டிடிபி-யில் உள்ள வெளி ரெப்பாசிட்டரிகளைத் தானே தடுத்தும்விடுகிறது. "எச்டிடிபி பிளாக்கர்" என்ற சொல் பிழையில் தெரிந்தால் அதுதான். பல சமயம் குற்றவாளி உங்கள் பாம் அல்ல. நீங்கள் சேர்த்த பழைய லைப்ரரியின் பாமுக்குள் ஒளிந்திருக்கும் முகவரி.

"பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்" என்று வந்தால், எதிர்முனை காட்டும் சான்றிதழை உங்கள் ஜாவா நம்பவில்லை. அலுவலக நெட்வொர்க்கில் ப்ராக்ஸி நடுவில் அமர்ந்து தன் சான்றிதழைக் காட்டும்போது இது சகஜம். பிரவுசர் அதே முகவரியைத் திறக்கிறதே என்று வாதாட வேண்டாம். பிரவுசரின் நம்பிக்கைப் பட்டியல் வேறு, ஜாவாவுடையது வேறு. ப்ராக்ஸியின் மூலச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, கீடூல் கொண்டு அந்த ஜாவாவின் சிஏசெர்ட்ஸ் கோப்பில் சேர்க்க வேண்டும். கடவுச்சொல்லை யாரும் மாற்றியிருக்காவிட்டால் "சேஞ்ச்இட்" தான். அதை மாற்று என்று அதுவே கெஞ்சுகிறது, யாரும் மாற்றுவதில்லை. எந்த ஜாவாவின் கோப்பு என்பதில் கவனம்: ஒவ்வொரு ஜேடிகே-க்கும் தனிக் கோப்பு. நான்கு ஜாவா குடித்தனம் நடத்துவதாகச் சொன்னேனே, தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிடாதீர்கள். சான்றிதழ் சோதனையையே அணைக்கும் ஆப்ஷன்களைப் பரிந்துரைப்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

ப்ராக்ஸி செய்யும் இன்னொரு குறும்பு: ஜார் இறங்கிவிடும், ஆனால் கம்பைலர் "ஜிப் எண்ட் ஹெட்டர் இல்லை" என்று முகம் சுளிக்கும். அந்த ஜாரை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். எனக்குக் கிடைத்தது ஒரு லாகின் பக்கம். எச்டிஎம்எல் பக்கத்தைத்தான் ஜார் என்ற பெயரில் சேமித்து வைத்திருந்தது.

அறிகுறி: பில்ட் பச்சை, டெஸ்ட் எண்ணிக்கை பூஜ்யம்

பச்சையைப் பார்த்து மகிழ்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. டெஸ்ட் லைப்ரரியான ஜேயூனிட் 5-க்கு, டெஸ்ட்களை ஓட்டும் மேவன் பிளகினான ஷ்யூர்ஃபயர் 2.22.0 அல்லது அதற்கு மேல் வேண்டும். பதிப்பை நீங்கள் எழுதாவிட்டால் மேவன் 3-இன் பழைய வெளியீடுகள் 2.12.4-ஐ எடுத்துக்கொள்ளும், அதற்கு ஜேயூனிட் 5 என்றால் என்னவென்றே தெரியாது. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடும். டெஸ்ட் கிளாஸின் பெயர் டெஸ்ட் என்று தொடங்கவோ முடியவோ வேண்டும் என்பதையும், இம்போர்ட்டில் ஜேயூனிட் 4-இன் அனோட்டேஷன் நுழைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் கேள்விக்குறியாக, அல்லது கிறுக்கலாக

நம்மவர்களுக்கென்றே உள்ள தலைவலி. முதலில் நோயைக் கண்ணால் பாருங்கள், மூன்று வகை உண்டு.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை, தரவு நலம். ஜாவா பக்கம் வரவே வேண்டாம். தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரிசையாக வந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ லத்தீன்-1 என்று தவறாகப் படித்திருக்கிறார்கள். தரவு பெரும்பாலும் பிழைத்திருக்கும். நேரான கேள்விக்குறிகள் வந்தால், தமிழ் தெரியாத குறியாக்கத்தில் யாரோ எழுதிவிட்டார்கள். போனது போனதுதான், அந்த இடத்திலிருந்து மீட்க முடியாது. அதற்கு முந்தைய படியைத்தான் பிடிக்க வேண்டும்.

எந்தப் படி என்று அறிய நான் வைத்திருக்கும் சோதனை மிக எளிது. "தமிழ்" என்ற சொல்லை உள்ளே அனுப்பி, சர்வரில் அந்த ஸ்ட்ரிங்கின் நீளத்தை லாகில் அச்சிடுங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடில் 5 குறிகள். நீளம் 5 என்று வந்தால் உள்ளே வந்தது சரி, கெடுவது வெளியே போகும் வழியில். 15 என்று வந்தால் உள்ளே வரும்போதே கெட்டுவிட்டது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட், அந்த 15 பைட்டையும் 15 எழுத்தாக எண்ணியிருக்கிறது. ஸ்ட்ரிங்கையே அச்சிட்டுப் பார்க்காதீர்கள். கன்சோலும் தன் பங்குக்குப் பொய் சொல்லும்.

15 என்றால் சர்வ்லெட் பக்கம் பாருங்கள். படிவத்தின் உள்ளடக்கத்தை, வேறு எதுவும் சொல்லப்படாவிட்டால், லத்தீன்-1 என்றே சர்வ்லெட் விதி எடுத்துக்கொள்கிறது. ரிக்வெஸ்டின் கேரக்டர் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று அமைக்க வேண்டும், அதுவும் முதல் பாராமீட்டரைப் படிப்பதற்கு முன்பே. உங்கள் ஃபில்டருக்கு முன்னால் வேறொரு ஃபில்டர் ஒரே ஒரு பாராமீட்டரைத் தொட்டிருந்தால்கூட, பிறகு நீங்கள் அமைப்பது விழலுக்கு இறைத்த நீர். சர்வ்லெட் 4 முதல் வெப் எக்ஸ்எம்எல்-இலேயே இதை எழுதிவிடலாம். முகவரியில் வரும் தமிழுக்குத் தனி அமைப்பு. டாம்கேட் 8 முதல் அது யூடிஎஃப்-8 ஆகவே இருக்கிறது.

5 என்றால் ரெஸ்பான்ஸைப் பாருங்கள். ரைட்டரை எடுத்த பிறகு கான்டென்ட் டைப்பில் என்கோடிங் சேர்த்தால் பலிக்காது, எடுப்பதற்கு முன் அமைக்க வேண்டும்.

ஸ்ட்ரிங் கோடிலேயே அல்லது ப்ராப்பர்ட்டீஸ் கோப்பிலேயே இருந்தால் பில்ட் பக்கம் திரும்புங்கள். "பிளாட்ஃபார்ம் என்கோடிங்கைப் பயன்படுத்துகிறேன், பில்ட் இந்தக் கணினியைச் சார்ந்துவிடும்" என்று மேவன் எச்சரிக்கிறதா? பாமில் சோர்ஸ் என்கோடிங் ப்ராப்பர்ட்டியை யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். ஜாவா 18-இலிருந்து இயல்பான என்கோடிங் எங்கும் யூடிஎஃப்-8 ஆகிவிட்டது. அதற்கு முன் விண்டோஸில் கணினியின் அமைப்பைப் பொறுத்தது. ப்ராப்பர்ட்டீஸ் கோப்புக்குத் தனிப் பஞ்சாயத்து: ரிசோர்ஸ் பண்டில் வழியாகப் படித்தால் ஜாவா 9 முதல் யூடிஎஃப்-8, இன்புட் ஸ்ட்ரீமைக் கொடுத்து நேரடியாக லோட் செய்தால் இன்றும் லத்தீன்-1. ரீடரைக் கொடுத்து லோட் செய்யுங்கள்.

இதன் ஒன்றுவிட்ட தம்பி: கீஸ்டோர் கோப்பு (சாவிகளும் சான்றிதழ்களும் இருப்பது) நன்றாக இருந்தும் சர்வரில் "தவறான வடிவம்" என்கிறது. மேவனின் ரிசோர்ஸ் ஃபில்டரிங், டாலர் குறிகளைத் தேடும் சாக்கில், பைனரி கோப்பையும் எழுத்தாகப் படித்து எழுதிச் சிதைத்துவிட்டது. அந்தக் கோப்பு வகையை ஃபில்டர் செய்யாத பட்டியலில் சேர்க்க வேண்டும். எழுத்துருக் கோப்புகளுக்கும் இதே கதிதான்.

அறிகுறி: ஐடிஇ-யில் ஓடுகிறது, மேவனில் "கேனாட் ஃபைண்ட் சிம்பல்"

கெட்டர், செட்டர் போன்றவற்றைத் தானே எழுதித் தரும் லாம்பாக் லைப்ரரி இருக்கிறதா? அனேகமாக அதுதான். ஐடிஇ-க்குத் தனிப் பிளகின் இருப்பதால் அங்கே குறை தெரியாது. ஜேடிகே-யை ஏற்றினால் லாம்பாக்கையும் ஏற்ற வேண்டும். ஜாவா 21-க்கு 1.18.30 தேவை. ஜேடிகே 23 முதல் அனோட்டேஷன் ப்ராசஸிங்கை வெளிப்படையாகக் கேட்டால்தான் கம்பைலர் செய்யும். ப்ராசஸர் பாத்தில் லாம்பாக்கை எழுதிவையுங்கள்.

அறிகுறி: போர்ட் 8080 ஏற்கெனவே பயன்பாட்டில்

நேற்று ஐடிஇ-யை மூடும்போது சாகாமல் தப்பிய ஜாவா ப்ராசஸ். கண்டுபிடித்துக் கொல்லுங்கள். ஒரே கணினியில் இரண்டு டாம்கேட் வேண்டுமானால் 8080-ஐ மட்டும் மாற்றினால் போதாது, 8005 என்ற ஷட்டவுன் போர்ட்டும் இருக்கிறது.

அறிகுறி: சர்வர் சொல்லாமல் கொள்ளாமல் சாகிறது

நான்கைந்து தடவை ரீடிப்ளாய் செய்ததும் "மெட்டாஸ்பேஸ்" (கிளாஸ் விவரங்களுக்கான மெமரி) நிரம்பியது என்றால் பழைய அப்ளிகேஷனின் கிளாஸ் லோடர் வெளியேறவில்லை. நீங்கள் தொடங்கி நிறுத்தாமல் விட்ட த்ரெட் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். நிறுத்தும்போது டாம்கேட்டே த்ரெட்டின் பெயரைச் சொல்லி எச்சரிக்கும், படியுங்கள். கன்டெய்னரில் 137 என்ற எக்ஸிட் கோடோடு, ஜாவா லாகில் ஒரு வரிகூட இல்லாமல் செத்தால், வெளியிலிருந்து வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டிருக்கிறது. 128-உடன் 9-ஆம் சிக்னல். பெரும்பாலும் மெமரி வரம்பைத் தாண்டியதால் வந்த சாவு. ஹீப்பை (ஆப்ஜெக்டுகளுக்கான மெமரி) வரம்புக்கு ஒட்டி வைக்காதீர்கள். த்ரெட்களுக்கும் மெட்டாஸ்பேஸுக்கும் ஹீப்புக்கு வெளியே இடம் வேண்டும்.

அறிகுறி: "நான் ஒன்றையும் மாற்றவில்லை, நேற்று வரை ஓடியது"

எல்லோரும் சொல்வது, பெரும்பாலும் உண்மையும்கூட. கடைசியாகப் பச்சை காட்டிய கமிட்டை எடுத்து, இன்று மறுபடி கட்டுங்கள். அது ஓடினால் மாற்றம் உங்கள் கோடில். வித்தியாசத்தை வரி வரியாகப் பாருங்கள். அதுவும் உடைந்தால் கோடை மூடிவிட்டு வெளியே தேடுங்கள். ஸ்னாப்ஷாட் (இன்னும் முடிவாகாத, மாறக்கூடிய) பதிப்பு ஏதும் இருக்கிறதா? யாரோ நேற்றிரவு புதியதை ஏற்றியிருப்பார். பதிப்பு எழுதாத பிளகின் இருக்கிறதா? பில்ட் சர்வரில் மேவனை ஏற்றியிருந்தால் அதோடு சேர்ந்து மாறியிருக்கும். பில்ட் சர்வரின் இமேஜில் "லேட்டஸ்ட்" என்று போட்டிருக்கிறீர்களா? சான்றிதழ் ஏதும் காலாவதியானதா? பச்சை காட்டிய அன்றைய லாகையும் இன்றைய லாகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் ஐம்பது வரிகளில் ஜாவா பதிப்பு, மேவன் பதிப்பு, பிளகின் பதிப்பு மூன்றையும் ஒப்பிடுங்கள். எனக்குக் கடைசியாக இப்படி நேர்ந்தபோது வித்தியாசம் மூன்றாவது வரியிலேயே இருந்தது.